முதல் நாற்று நட்ட கை

கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிந்து, தஞ்சை மாநகரின் நடுவே நகரத்தாரின் அழுக்கையும் ஆரவாரத்தையும் ஒருங்கே சுமந்து, ஒரத்தநாட்டுக் கழனிகளுக்கு வாரி வழங்கி, பட்டுக்கோட்டையை நெருங்கும்போதே கொடுத்துக் கொடுத்து இளைத்த குடும்பத் தலைவனைப்போல் மெலிந்து, பேராவூரணிக்குக் கிழக்கே கடலின் உப்புக்காற்று முகத்தில் அறைகின்ற எல்லையில், கணுக்கால் நனையாச் சிறு கசிவாக வந்து ஓய்கின்றது புதாறு என்று மக்கள் அழைக்கும் அந்தக் கால்வாய். அது ஓயுமிடத்தில், ஒருபுறம் தென்னந்தோப்புகள் நிழல் விரிக்க, மறுபுறம் வெடித்த வயல்கள் வாய் பிளந்து கிடக்க, நடுவே ஓட்டு வீடுகளும் கீற்று வீடுகளும் கலந்து அமைந்திருந்தது ஆம்பலடி என்னும் கடைமடைச் சிற்றூர். தலைமடைக்காரர் நட்டு முடித்துக் களையும் எடுத்துவிட்ட பிறகே இவ்வூரார் தங்கள் நாற்றங்காலுக்கு நீர் காண்பர். அந்த ஆண்டு, ஆவணித் திங்களின் நடுவில், ஞாயிறு தென்னையின் உச்சிக்கு மேலே ஏறிவிட்டிருந்த ஒரு முற்பகலில், நீர் வந்து சேர்ந்திருந்தது.

நீர் வந்த ஊரின் களிப்பை, நயமறிந்து படிக்கும் பெருமக்களாகிய நீங்கள் எளிதில் உள்ளத்தில் வரைந்துகொள்வீர்கள். மண்வெட்டிகள் மதகுக்கு விரைந்தன. முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் ஒருவர் வரப்பில் மற்றவர் நின்று பேசினர். கரையில் துணி துவைத்த பெண்டிர் துவைப்பதை மறந்து நீரையே பார்த்திருந்தனர். அத்தனை பேரும் மகிழ்ந்திருந்த அவ்வேளையில், பேராவூரணியிலிருந்து புழுதி கிளப்பி வந்த பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி மட்டும், தேர்வில் தோற்ற செய்தியை வீட்டில் சொல்ல வந்த பிள்ளையைப்போலக் கால் தயங்கி நின்றாள். அவள் பெயர் விண்ணரசி. தஞ்சையை அடுத்த ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பல்கலைக்கழகத்தின் சார்பாகப் பணிபுரியும் முனைவர். நோய் தீர்ப்பவர் வேறு, நெல் வளர்ப்பவர் வேறு என்ற நுண்ணிய வேற்றுமையெல்லாம் ஆம்பலடியாருக்குப் பொருட்டன்று. அவர்கள் அவளை டாக்டரம்மா என்றே அழைத்தனர். சிலர் முழங்கால் வலிக்கு மருந்தும் கேட்டனர். அவர்கள் அவள்மீது வைத்திருந்த அந்த நம்பிக்கைதான் அன்று அவளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

அச்சுமை எப்படி ஏறியது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. உலக வாணிகத்துக்கு நாடு தன் வாயிலை அகலத் திறந்துவிட்ட காலம் அது. ஊர்தோறும் மஞ்சட் பலகை தொங்கும் தொலைபேசிக் கூண்டுகள் முளைத்தன. இளைஞர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களுக்கும் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுப் போயினர். காலம் கடந்து வரும் நீரை நம்பிக் கடைமடையில் நெல் விதைப்பவனைப் பார்த்துப் பெண் கொடுப்போரும் சிரித்தனர். இந்நிலையை மாற்றிவிட வேண்டும் என்று உண்மையாகவே உள்ளம் நொந்தவர், ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான பேராசிரியர் ராஜகோபாலன். நீர் காலம் தாழ்ந்து வந்தாலும் விரைந்து முற்றி, அணை மூடுமுன் களம் சேரும் புதுநெல் ஒன்றை அவர் பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கினார். அரிசி முல்லை அரும்புபோல் மெலிந்து நீண்டிருந்தது. அதற்கு வலக்கையாக நின்று உழைத்தவள் விண்ணரசி.

அந்த நெல்லுக்கு ஒரு குறை இருந்தது. அதைக் கண்டவளும் அவளே. தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தபோது அதன் வேர் ஆழம் செல்லாமல் மேலாகவே படர்ந்தது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மண் காய்ந்தால், மணி திரளாமல் பதராய்ப் போயிற்று. கடைமடையில் மண் காய்வது அந்தப் பருவத்தில்தான். இதை அவள் பேராசிரியரிடம் சொன்னாள். அடுத்த விதைத்தேர்வில் சரிசெய்துகொள்ளலாம் என்றார் அவர். முதலில் உழவர் கண்ணால் பார்க்கட்டும், பிறகு குறையைக் களைவோம் என்று அன்போடுதான் சொன்னார். அவளும் தலையசைத்தாள்.

உழவர் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு விளக்கத் திடல் வேண்டும். இங்கேதான் ஆராய்ச்சி உலகத்துக்கே உரிய ஒரு வழக்கம் குறுக்கே வந்தது. விளைந்த வயலைக் காட்ட வயல்விழா நடத்துவார்கள். விழாவுக்கு மேலலுவலர்கள் வருவார்கள். அவர்கள் மகிழுந்தில் வருவார்கள். மகிழுந்தோ வரப்பில் ஏறாது. ஆகவே, ஆம்பலடியின் வறண்ட கடைக்கோடி வயல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஊர்ப் பெரியவர்களில் ஒருவரும் தென்னந்தோப்பு உடையவருமான மருதையனின் சாலையோர வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்தது. கால்வாய் வறண்டாலும் கரையின் கசிவு அவ்வயலை ஆண்டு முழுவதும் ஈரமாகவே வைத்திருக்கும். இந்த வயலில் எந்த நெல்லும் விளையுமே என்று விண்ணரசி ஒருமுறை வாய் திறந்தாள். “கார் போகாத வயல்ல போட்டா யாரும்மா வந்து பாப்பா?” என்று பேராசிரியர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னாளில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவ்வயலில் முதல் நாற்றைப் பேராசிரியரே, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஒளிப்படக்காரர் முன் நட்டார். தையில் கதிர்கள் தலை கவிழ்ந்து கிடந்தன. விழா நாளில் ஊரே திரண்டு வந்து மணியை உருவிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தது. பாதிப் பேர் அன்றே மனம் மாறினர். மீதிப் பேரை மாற்றும் வழியைக் கண்டவளும் விண்ணரசியே. குற்றத்தின் இரண்டாம் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

ஆம்பலடியில் ரெத்தினம் என்றொருத்தி இருந்தாள். நாற்பதைக் கடந்தவள், கணவனை இழந்தவளாயினும் அவளை எவரும் ஒதுக்கியதில்லை, நடவு நடும் பெண்களின் முன்னே நடப்பவள். அவள் கைராசிக்காரி என்பது ஊரின் உறுதியான எண்ணம். எவர் வயலானாலும் ஈசானி மூலையில் முதல் நாற்றை அவள் ஊன்றிக் குலவையிட்ட பிறகே மற்றவர் சேற்றில் இறங்குவர். கன்றுக்கு முதற்கயிறு கட்டவும், புதுவீட்டில் முதல் அடுப்பு மூட்டவும் அவளையே அழைப்பர். அவளும் அதைப் பெருமையாகவே ஏற்றாள். அழைப்பு வந்த நாளில் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, அரசியைப்போல் வரப்பில் நடந்துபோவாள். புதுநெல்லை நம்பாத உழவரிடம் விண்ணரசி சொன்னாள்: ஊரில் எல்லா வயலிலும் ஒரே நாளில் ரெத்தினம் முதல் நாற்று நடட்டும், பிறகு என்ன அச்சம்? ஆய்வறிக்கை சாதிக்காததை அச்சொல் சாதித்தது. ஓரிருவர் நீங்க ஆம்பலடி முழுவதும் புதுநெல் நட்டது. மக்களின் வழக்கத்தை மதித்து அறிவியலைப் பரப்பிய திறம் என்று பல்கலைக்கழகச் செய்தி இதழ் அவளைப் பாராட்டி எழுதியது.

அந்த மார்கழியில் நீர் நின்றது. தையில் வயல்கள் வெளிறி நின்றன. கதிரை உருவினால் கையில் உமிதான் மிஞ்சிற்று. சாலையோர வயலில் மருதையன் அந்த ஆண்டு தென்னங்கன்று வைத்துவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் இல்லை. ஒதுக்குப்புறத்தில், ரெத்தினத்தை அழைக்காமல், பழைய நெல்லை விடாப்பிடியாக நட்டிருந்த ஓரிருவருக்கு, வேர் ஆழ்ந்து சென்றதால் பாதியாவது தேறியது. ஊரார் கூடி ஆராய்ந்தனர். அவர்களும் ஆராய்ச்சியாளர் போலவே ஒப்புநோக்கினர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெல் அதே நெல். முந்தைய ஆண்டு கண்ணெதிரே விளைந்தது. மார்கழியில் நீர் நிற்பது கடைமடைக்குப் புதிதன்று. உரம் அதே உரம். நட்ட முறையும் அதே முறை. மாறியது ஒன்றுதான்: அன்று முதல் நாற்றை நட்டது பேராசிரியரின் கை, இன்று நட்டது ரெத்தினத்தின் கை. முடிவுக்கு வர அவர்களுக்கு நெடுநேரம் ஆகவில்லை.

மாசியில் மருதையன் தஞ்சைக்கு வந்தார். விளைச்சல் போனதற்கு நியாயம் கேட்க வருகிறார் என்று எண்ணினாள் விண்ணரசி. அவரோ சாக்கு நிறையத் தேங்காயை அவள் அறை வாயிலில் இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பி நின்றார்.

“தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. உங்க நெல்லு மேல ஒரு கொறையும் இல்ல. எங்க ஊரு கைக்கோளாறு. உங்களுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

எவருடைய கை என்று அவள் கேட்டாள்; அவர் சொன்னார். இல்லை, அப்படியில்லை என்ற சொல் அவள் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் திங்களில்தான் புதுநெல்லை நாடு முழுவதற்கும் வெளியிட ஒப்புதல் அளிக்கும் குழு கூடவிருந்தது. பேராசிரியர் பணிநிறைவை நெருங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய பதவி உயர்வும் அதே நூலில் தொங்கியது. அவள், “பரவாயில்லைங்க” என்றாள். தேங்காய்களை ஏவலரைக் கொண்டு வீட்டுக்கு அனுப்பினாள். அன்று தொட்டு அவள் வீட்டுத் துவையலில் ஆம்பலடித் தேங்காய்தான். அது நன்றாகவே இனித்தது. அந்த இனிப்பு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு உண்டாயிற்று.

விண்ணரசி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தவக்காலத்தில் கோவிலில் பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவுக் கூண்டருகே முழந்தாளிட்டு, ஒருத்திமேல் விழுந்த பழியைத் தடுக்காமல் இருந்துவிட்டேன் என்று கூறினாள். குருவானவர் இறைவன் பொறுத்தருள்வார் என்றார். பிறகு, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா மகளே என்று மெல்லக் கேட்டார். இனிமேல்தான் என்றாள் அவள். அந்த இனிமேல், பங்குனி கடந்து, சித்திரை கடந்து, ஆடிப்பெருக்கும் கடந்து தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. நல்ல மனிதர்கள் தீமை செய்யும் முறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அவர்கள் செய்வதில்லை, நாளைக்கென்று வைக்கிறார்கள்.

ஆவணியில் மருதையன் தொலைபேசியில் அழைத்தார். நீர் வருகிறது, விதைக்கூட்டம் வைத்திருக்கிறோம், டாக்டரம்மா வரவேண்டும் என்று அழைத்துவிட்டு, மகிழ்ச்சியோடு ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். நடவுக்கு எவரும் அழைக்காததால் ரெத்தினம் பிழைப்புத் தேடிக் கூட்டத்து நாளன்றே ஊரைவிட்டுத் திருப்பூருக்குப் போகிறாள். இனி ஊருக்குக் கைக்கோளாறு இல்லை. ஆகவே இந்த ஆண்டும் புதுநெல்லையே எல்லோரும் விதைக்க முடிவு செய்திருக்கிறார்கள். விண்ணரசி தொலைபேசியை வைத்தாள். ஒருத்தி வாழ்விழந்து போவதும், ஓர் ஊர் மறுபடியும் பதர் அறுப்பதும் ஆகிய இரண்டும் தன் வாய்க்குள்ளே அடைபட்டுக் கிடப்பதை அவள் அன்று கண்டாள்.

அவள் பேராசிரியரிடம் போனாள். ஊரில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “ஒரு வருஷம் தண்ணி நின்னதுக்கு நெல்லு என்ன பண்ணும், விண்ணரசி? என் ஆயுசு உழைப்பும்மா இது” என்று கடைசியில் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அவரை வெறுக்க முடிந்திருந்தால் அவளுக்கு எளிதாயிருந்திருக்கும். அவள் அவர் மேசையை வணங்குவதுபோல் குனிந்து எழுந்து, வெளியே வந்தாள்.

இவ்வாறுதான் அவள் அன்று பேருந்திலிருந்து இறங்கி நின்றாள். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் முன்னே புன்னை நிழலில் ஊர் கூடியிருந்தது. ஆடவர் முன்னும் பெண்டிர் பின்னுமாக அமர்ந்திருந்தனர். மாலை கொண்டுவந்தார்கள், அவள் வேண்டாமென்று கையெடுத்துத் தடுத்தாள். எழுந்து, ஒத்திகை பார்த்து வந்த சொற்கள் யாவும் மறந்துபோக, உள்ளதை உள்ளபடியே சொன்னாள். புதுநெல்லுக்கு வேர் ஆழம் போகாது; பால் பிடிக்கும்போது மண் காய்ந்தால் பதராகும்; சாலையோர வயலில் அது விளைந்தது ஏரிக்கசிவால்; அதை நாடகமாக்கிக் காட்டியது நாங்கள்; உங்கள் இழப்புக்குக் காரணம் அந்த நெல்லும் எங்கள் செயலும்தான், ரெத்தினத்தின் கை அன்று என்றாள்.

கல் எறிவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கக்கூடும். எவரும் சினக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். மருதையன்தான் எழுந்தார்.

“ஏரிக்கரை வயல்ல ஈரம் நிக்கும்னு எங்க ஊரு ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்மா. எங்களுக்கே தெரியிறது உங்களுக்குத் தெரியாமயா போயிருக்கும்? அதுக்கும் கணக்குப் பாத்துத்தானே போட்டிருப்பீங்க.”

“தெரியும்” என்றாள் விண்ணரசி. “தெரிஞ்சேதான் போட்டோம். கணக்கு ஒண்ணும் பாக்கல.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு அலைபோலப் பரவியது. குழந்தை சொல்லும் பொய்யைக் கேட்டு வீட்டார் சிரிக்கும் சிரிப்பு அது. படித்தவர்கள் தெரிந்தே தவறு செய்வார்களா? அதுவும் டாக்டரம்மாவா? பின்வரிசையில் ஒரு பெண், அந்தம்மாவுக்கு எவ்வளவு இரக்க மனம் பார் என்று பக்கத்திலிருந்தவளிடம் கண்கலங்கச் சொன்னாள். விண்ணரசி மீண்டும் சொன்னாள், குரலை உயர்த்திச் சொன்னாள், சான்றாகத் தொட்டியில் வளர்த்த பயிரின் வேரைக்கூடக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். காட்டக் காட்ட அவர்களின் மதிப்பு அவள்மீது ஏறிக்கொண்டே போயிற்று. அவள் சொல் மட்டும் கீழே விழுந்துகொண்டே இருந்தது. இறுதியில் மருதையன் அவள் அருகே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அந்தப் பொம்பள மேல எரக்கப்பட்டுப் பழிய நீங்க தூக்கிக்கிறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு. சரி, உங்க மனசு சங்கடப்பட வேணாம். இந்த வருசம் பழைய நெல்லயே விடுறோம். ரெத்தினம் பேச்ச விடுங்க. போற எடத்துல அது நல்லா இருக்கட்டும்.”

விதை தப்பியது, பழி தப்பவில்லை. பொய் சொன்னபோது நம்பியவர்கள் மெய் சொன்னபோது நம்பாமல் போனதை எண்ணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அவள் கூட்டத்தை விட்டு வெளியேறினாள்.

ரெத்தினத்தின் வீடு கால்வாய்க் கரையின் கோடியில் இருந்தது. வாயிலில் துணிப்பை ஒன்று வாய் கட்டப்பட்டு நின்றது. கூட்டத்துக்கு அவளை எவரும் அழைக்கவில்லை. அவள் பேருந்து நேரத்துக்காக வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தாள். விண்ணரசியைக் கண்டதும் பதறி எழுந்து, உள்ளே ஓடி, தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள். “நீங்களே மோந்து குடிச்சிக்கங்கம்மா” என்றாள். எடுத்துக் கொடுக்க அஞ்சும் அளவுக்கு அவள் தன் கையைக் கண்டு அஞ்சினாள் என்பது விண்ணரசிக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரார் சொன்னதை ஊரார் மட்டுமே நம்புகிறார்கள் என்று இவள் இதுவரை எண்ணியிருந்தாள்.

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இம்முறை சுருக்கமாகவே சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் ரெத்தினம். ஊர் நம்பாததை இவள் நம்பினாள். டாக்டரம்மாவை அவள் பெரியவளாகவோ சிறியவளாகவோ எடைபோடவில்லை; எதிரே நின்று அழுகின்ற ஒருத்தியின் முகம் மெய் சொல்கிறதா என்று மட்டுமே பார்த்தாள்.

“இது உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“நீங்க நாத்து நடறதுக்கு முன்னாடியே.”

“மருதையன் தேங்கா கொண்டாந்தப்ப?”

“அப்பவும் தெரியும்.”

ரெத்தினம் மெல்ல அமர்ந்தாள். பிறகு, எவரிடமோ சொல்வதுபோல அவள் பேசத் தொடங்கினாள். அவளுக்கு ஒரே மகள், பெயர் தங்கமணி. திருப்பூரில் கணவனோடு பின்னலாடைக் கூடத்தில் வேலை செய்பவள். வைகாசியில் அங்கே வாடகை வீட்டில் வளைகாப்பு நடந்தது. பெற்றவள்தான் முதல் வளையல் போடவேண்டும் என்று மகள் பிடிவாதமாயிருந்தாள். ரெத்தினம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தன் கையால் தொட்டால் வயிற்றுப் பிள்ளையும் பதராகிவிடுமோ என்று நடுங்கி, கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மகள் கை நீட்டிக் காத்திருந்தாள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய முறையையும் அவள் செய்யவில்லை. அச்சத்தைச் சொல்ல வெட்கி, வசதியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

“முந்தாநாளு கொழந்த பொறந்துருச்சு. பெண் கொழந்த. ஆசுபத்திரியில யாரோ ஒரு பொம்பள எம்மவ கையப் புடிச்சிக்கிட்டாளாம். அம்மா எங்கன்னு கேட்டுக் கேட்டு அழுதுச்சாம்.” அவள் நிறுத்தினாள். “நா அங்க போயி, வேலைக்கிப் போற பாதையில, தூர நின்னு கொழந்தயப் பாத்துக்கலாம்னு இருந்தேன். தொட மாட்டேன்னு மாரியாத்தா கிட்ட வேண்டிக்கிட்டேன்.”

பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற சொல் விண்ணரசியின் வாய்வரை வந்தது. அதைக் கேட்கும் உரிமை தனக்கில்லை என்று விழுங்கினாள். தான் மாசியில் ஒரு சொல் சொல்லியிருந்தால், வைகாசியில் ஒரு தாய் தன் மகளுக்கு வளையல் போட்டிருப்பாள். ஆவணியில் அம்மகள் தாயின் கையைப் பிடித்தபடி பிள்ளை பெற்றிருப்பாள். குழு கூடியதும் ஒப்புதல் கோரியதும் பதவி உயர்ந்ததும் எல்லாம், அந்த ஒரு கைப்பிடிக்கு முன்னே உமியளவும் நிற்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரெத்தினம் அவளைத் தேற்றவில்லை, ஏசவும் இல்லை.

தென்னந்தோப்புக்கு அப்பால் பேருந்தின் ஒலி கேட்டது. ரெத்தினம் எழுந்தாள், செம்பில் நீர் மொண்டு முகம் கழுவினாள், பிறகு இரு கைகளையும் வெயிலில் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பி, நெடுநாள் காணாத உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள்ளே போய், அடுக்குப் பானையின் அடியிலிருந்து தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து பைக்குள் வைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்கள். வைகாசியில் மகளுக்கென்று வாங்கி, போடாமல் திரும்பக் கொண்டுவந்தவை. பொட்டலத்தின் வாய் பிரிந்திருந்ததால் அவை விண்ணரசியின் கண்ணில் பட்டன.

அவள் விரைந்து சென்று, இதையாவது செய்வோம் என்று எண்ணி, பையைத் தூக்கக் கை நீட்டினாள். ரெத்தினம் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடுமையாக இழுக்கவில்லை.

“வேணாம்மா. நானே தூக்கிக்கிறேன். என் கை நல்லாத்தான் இருக்கு.”

பேருந்து நின்றது, ஏற்றிக்கொண்டது, புழுதிக்குள் மறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையோரம் நீர் பார்க்கச் சென்ற ஊரார் சிலர், டாக்டரம்மாவே வந்து வழியனுப்பினார் பார் என்று வியந்தபடி கடந்து போனார்கள்.

அந்த ஆண்டு ஆம்பலடியில் பழைய நெல் ஓரளவு விளைந்தது. புரட்டாசியில் முதல் நாற்றை வேறொருத்தி நட்டாள். விளைச்சலைக் கண்ட ஊர், தன் முடிவு சரிதான் என்று இன்னும் உறுதியாக நம்பியது. விண்ணரசி தொட்டிச் சோதனையின் முடிவுகளை, மறுபடி கூடிய குழுவின் முன் வைத்தாள். புதுநெல் வெளியீடு நின்றது. ராஜகோபாலன் பணிநிறைவு மாலையை வாங்கிக்கொண்டு, அவளிடம் ஒரு சொல்லும் பேசாமல், அமெரிக்காவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவள் எந்த நெல்லை ஆய்ந்தாலும் மகிழுந்து போகாத கடைக்கோடி வயலில்தான் நட்டாள். மேலலுவலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி வரட்டும் என்று விட்டாள். அதனால் அவளுக்கு நல்ல பெயர்தான் வந்தது. அந்த நல்ல பெயரையும் அவள் தேங்காயைப் போலவே விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

ஆண்டுகள் பல சென்றுவிட்டன. திருப்பூரில் அந்தப் பெண்குழந்தை பள்ளிக்குப் போகும் அகவை எய்தியிருக்கும். காலையில் அவளுக்குத் தலைவாரிப் பின்னுகின்ற கை எவருடையது என்று தனக்குத் தெரியும் என்றே விண்ணரசி நினைக்கிறாள், நினைக்க விரும்புகிறாள், போய்ப் பார்க்க மட்டும் துணிந்ததில்லை. கற்றவரின் வாய் மூடியிருந்த சில திங்களில் கல்லாதவரின் தலையில் ஏறிவிட்ட பழி, பின்னர் எத்தனை அவையில் எழுந்து நின்று சொன்னாலும் முழுதாக இறங்குவதில்லை. புதாற்றில் நீர் ஆண்டுதோறும் காலம் தாழ்ந்து வருகிறது. தாழ்ந்து வந்தாலும் ஏதோ கொஞ்சம் விளைகிறது. உண்மையும் அவ்வாறே காலம் தாழ்ந்து வந்து, ஒரு தாயின் இரண்டு கைகளை மட்டும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. வைகாசியில் நீட்டிக் காத்திருந்த மகளின் வெறுங்கையை நிரப்ப அதனால் இயலவில்லை.